.44 மேக்னம் ரிவால்வர்: பிடியை மாற்றினால் கைவலி குறையுமா?

பாய்சிவாசி:

எல்லோருக்கும் வணக்கம். ஐடஹோ மாநிலம், பாய்சியில் இருக்கிறேன். க்ரீன் கார்டு வந்த பிறகுதான் துப்பாக்கிப் பக்கம் போனேன். அதற்கு முன் சுட்டதெல்லாம் கல்லூரியில் என்.சி.சி.யில் .22 ரைஃபிள், அதுவும் மொத்தமே பத்துத் தோட்டா இருக்கும்.

போன மாதம் ஒரு பழைய ரிவால்வர் வாங்கினேன். சிங்கிள் ஆக்‌ஷன், .44 மேக்னம், ஏழரை அங்குலக் குழல், எடை மூன்று பவுண்டு. சிங்கிள் ஆக்‌ஷன் என்றால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் பின்னால் இருக்கிற ஹேமரைக் (சுத்தியலை) கட்டைவிரலால் இழுக்க வேண்டும்; மேக்னம் என்றால் வீரியம் கூடிய தோட்டா. எந்தக் கம்பெனி என்று சொன்னால் நீங்கள் கட்சி கட்டிக்கொண்டு அடித்துக்கொள்வீர்கள், என் கேள்வி காணாமல் போய்விடும். அதனால் சொல்லவில்லை. புளோரிடாவிலிருந்து இங்கே குடிவந்த ஒருவர் விற்றார். மரப்பிடி, வழவழவென்று, பார்க்க அழகாகவே இருக்கிறது. மலைக்குப் போகும்போது இடுப்பில் இருக்கட்டும் என்றுதான் வாங்கினேன்.

சனிக்கிழமை சுடுகளத்துக்குக் கொண்டுபோய் 240 கிரெயின் (குண்டின் எடை அளவு) தோட்டா ஆறு போட்டேன். ஆறோடு சரி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதை கிழிந்து ரத்தம். நடுவிரல் கணு நீலம் பாரித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மௌஸைக் கூட அமுக்க முடியவில்லை. "இதுக்குக் காசு வேற குடுத்தீங்களா?" என்று வீட்டில் கேட்டார்கள். பதில் இல்லை.

ஒரு நண்பர் ரப்பர் பிடி போடு என்கிறார். இன்னொருவர் பிஸ்லி பிடி உள்ள துப்பாக்கிக்கு மாறு என்கிறார். மூன்றாமவர் விற்றுவிட்டு 9 எம்.எம். வாங்கு என்கிறார். என் கை சின்னக் கை, உள்ளங்கை அகலம் எட்டு சென்டிமீட்டர்தான். பிடியின் வடிவத்தில் உண்மையிலேயே இவ்வளவு இருக்கிறதா, இல்லை நான்தான் லாயக்கில்லாதவனா?

ஹூஸ்டன் காளை:

ரப்பர் போடுங்க ப்ரோ. வேலை முடிஞ்சது.

பொக்கடெல்லோ பெரியவர்:

தம்பி, அவசரப்பட்டு எதையும் வாங்காதீர்கள். மேலே காளை சொன்ன வைத்தியத்தை நானும் செய்து, பிறகு கழற்றி வைத்தவன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

முதலில் ஒரு கணக்கு. 240 கிரெயின் குண்டு வினாடிக்கு 1,350 அடி வேகத்தில் முன்னால் போகிறது, கூடவே எரிந்த மருந்தின் வாயுவும் போகிறது. மூன்று பவுண்டு இரும்பு அதற்குப் பதிலாக வினாடிக்கு ஏறக்குறைய 20 அடி வேகத்தில் உங்கள் கையை நோக்கி வரும். தங்கத்தில் பிடி செய்து போட்டாலும் (எடை கூடுவதைத் தவிர) இந்தக் கணக்கு மாறாது. பிடி உதையைக் குறைப்பதில்லை. அந்த உதை கையில் எந்த இடத்தில், எவ்வளவு பரப்பில் இறங்க வேண்டும் என்பதைத்தான் அது முடிவு செய்கிறது. அதனால் "எந்தப் பிடி நல்லது" என்று கேட்பதற்கு முன்னால் "எனக்கு எங்கே வலிக்கிறது" என்று கேட்க வேண்டும். உங்களுக்கு இரண்டு இடத்தில் வலிக்கிறது. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

நடுவிரல் கணுவை முதலில் பார்ப்போம். நீங்கள் வைத்திருப்பது அமெரிக்கர்கள் ஏர்ப்பிடி என்று சொல்கிற வடிவம். நம் ஊர்ச் சொல்லில் மேழி. எங்கள் அப்பா மேழி பிடித்தவர், நானும் பத்து வயதில் பின்னாலேயே ஓடியிருக்கிறேன், அதனால் இந்தப் பெயரைக் கேட்டதுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மேழியை யாரும் இறுக்கிப் பிடிப்பதில்லை. கல்லில் கொழு முட்டினால் அது உள்ளங்கைக்குள் உருண்டு கொடுக்க வேண்டும், இறுக்கிப் பிடித்தால் தோள்பட்டை போய்விடும். கோல்ட் கம்பெனி 1851 நேவி ரிவால்வருக்கு வைத்த அதே பிடியைத்தான் 1873 சிங்கிள் ஆக்‌ஷனுக்கும் கொண்டுவந்தது. சுட்டதும் துப்பாக்கி கைக்குள் உருளும், குழல் மேலே எழும், ஹேமர் தானாகக் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், அடுத்த தோட்டாவுக்கு இழுத்துக்கொள்ளலாம். கருமருந்தும் 255 கிரெயின் ஈயமும் போட்ட .45 கோல்ட்டுக்கு அது அருமையான ஏற்பாடு.

அதே பிடியில் மேக்னத்தைப் போட்டால் உருளுவதோடு நிற்பதில்லை, வழுக்குகிறது. வழவழ மரம் வேறு. கை பிடியின் மேல் பக்கம் ஏறுகிறது, ட்ரிகர் கார்டின் (விசையைச் சுற்றிய இரும்பு வளையத்தின்) பின்பக்கம் உங்கள் நடுவிரல் கணுவில் வந்து இடிக்கிறது. முதல் தோட்டாவுக்குக் கார்டுக்கும் விரலுக்கும் நடுவில் இடைவெளி விட்டுப் பிடித்திருப்பீர்கள். ஆறாவது தோட்டாவில் அந்த இடைவெளி இருந்திருக்காது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் பிடியைப் புதிதாகப் பிடித்துப் பாருங்கள். சுண்டுவிரலைப் பிடியின் அடியில் மடித்துக் கொடுத்தும் பாருங்கள், பிடி கைக்குள் இறங்குவது அங்கேயே கொஞ்சம் நிற்கும். காசு செலவில்லாத வைத்தியம்.

பிஸ்லி பற்றிக் கேட்டீர்கள். இங்கிலாந்தில் சர்ரே பக்கம் பிஸ்லி என்ற ஊரில் பெரிய சுடுகளம் இருக்கிறது, கோல்ட் 1894-இல் குறிபார்த்துச் சுடுகிறவர்களுக்காக அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு ரிவால்வர் விட்டது. பிடியின் முதுகு நன்றாக மேலே ஏறிப்போய், கை அதற்கு மேல் நகராதபடி தடுக்கும். 1980-களின் நடுவில் ரூகர் போட்ட பிஸ்லி பெயரில்தான் ஒன்று, வடிவம் அதே இல்லை. அதைப் பார்த்தால் நம் ஐடஹோ மாநிலத்துக்காரர், சால்மன் ஊர்த் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் 1920-களில் செய்வித்துக்கொண்ட "நம்பர் 5" ரிவால்வரின் சாயல்தான் அதிகம் தெரியும். அதில் துப்பாக்கி உருளுவது குறைந்து நேராகப் பின்னால் தள்ளும். நிறையப் பேருக்கு அது சொர்க்கம். எனக்கும் கொஞ்ச நாள் சொர்க்கமாகத்தான் இருந்தது, அப்புறம் மணிக்கட்டு பேச ஆரம்பித்தது. உருண்டு மேலே போய் வீணாகிற உதை இப்போது நேரே மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் வருகிறது, அவ்வளவுதான். நாற்பது வயதுக்குக் கீழே இருந்தால் தெரியாது. எனக்கு அறுபத்திரண்டு.

மேழி வகைப் பிடியால் பெரிய தோட்டா முடியவே முடியாது என்றும் சொல்ல மாட்டேன். இங்கிருந்து கிழக்கே, வயோமிங் எல்லையில் ஃப்ரீடம் என்று ஓர் ஊர். அங்கே ஃப்ரீடம் ஆர்ம்ஸ் கம்பெனி 1983-இல் .454 கசூல் என்ற தோட்டாவுக்கு ரிவால்வர் செய்ய ஆரம்பித்தது. .44 மேக்னத்துக்கு அழுத்த உச்சவரம்பு 36,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), கசூலுக்கு 65,000. அந்தத் துப்பாக்கியின் பிடி பிஸ்லி அல்ல. பழைய மேழியின் வளைவைக் கொஞ்சம் நிமிர்த்தி, நன்றாக நிறைத்துச் செய்த பிடி. கையை நிறைக்கிறதா என்பதுதான் அங்கே விஷயம்.

இனி அந்தக் கிழிந்த சதை. எனக்குச் சந்தேகம் இங்கேதான். புளோரிடா என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். புளோரிடாவின் ஈரக் காற்றில் வருடக்கணக்காக இருந்த மரம் பாய்சியின் வறண்ட காற்றுக்கு வந்தால் சுருங்கும். இரும்புச் சட்டம் சுருங்காது. ஒருகாலத்தில் மரமும் இரும்பும் ஒரே மட்டத்தில் இருந்த இடத்தில் இப்போது இரும்பு விளிம்பு மேலே நிற்கும், கண்ணுக்கே தெரியாது. அறையில் எல்லாத் தோட்டாவையும் எடுத்துவிட்டு, இரண்டு முறை பார்த்துவிட்டு, கட்டைவிரல் நகத்தை மரத்திலிருந்து இரும்பை நோக்கி மெதுவாக இழுங்கள். நகம் தட்டினால் அதுதான் உங்கள் கத்தி. ஹேமருக்கு இரண்டு பக்கமும் பின்னால் ஒவ்வொரு திருகு இருக்கும், அவற்றின் தலை பிசிறு தட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். வீட்டில் கோலப்பொடி இருக்குமே, பிடி முழுக்கத் தடவிவிட்டு, சுடுவது போல அழுத்திப் பிடித்து, கையை விரித்துப் பாருங்கள். நல்ல பிடி என்றால் உள்ளங்கை முழுக்கப் பரவலாக வெள்ளை ஒட்டியிருக்க வேண்டும். நான் முதலில் வைத்திருந்த பிடியில் என் கையில் இரண்டு கோடுதான் விழுந்தது, தண்டவாளம் மாதிரி. மொத்த உதையும் அந்த இரண்டு கோட்டில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. (வீட்டில் கேட்டு எடுங்கள். மார்கழி மாதத்துக்கு வைத்திருந்த பொடியை எடுத்துவிட்டு நான் வாங்கிய பேச்சு மேக்னத்தை விட மோசம்.)

ரப்பருக்கு வருகிறேன். டபுள் ஆக்‌ஷனுக்கு (ட்ரிகரை அமுக்கினாலே ஹேமர் தானாக எழும் துப்பாக்கிக்கு) ரப்பர் நல்லது, மறுக்கவில்லை. ஸ்மித் அண்ட் வெஸன் மாதிரித் துப்பாக்கிகளில் பிடியின் முதுகு மேலே ஒரு திமிலாக முடியும், அந்தத் திமிலை மூடிக்கொண்டு வரும் ரப்பர் கைக்குப் பெரிய உபகாரம். 2003-இல் வந்த அவர்களுடைய .500 மேக்னத்துக்கே ரப்பர் பிடிதான் கொடுத்தார்கள், அதுவும் எட்டங்குலத்துக்கு மேல் குழலும் இரண்டு கிலோ எடையும் இருக்கிற துப்பாக்கிக்கு. ஆனால் சிங்கிள் ஆக்‌ஷனில் ரப்பர் தோலைப் பிடித்துக்கொள்கிறது. துப்பாக்கி உருளப் பார்க்கும், ரப்பர் விடாது, நடுவில் இழுபடுவது உங்கள் தோல். சொரசொரவென்று கட்டம் போட்டுக் கீறிய மரமும் அப்படித்தான். ஒருமுறை ஆசைப்பட்டு அப்படி ஒரு வால்நட் பிடி வாங்கி, இரண்டு வாரம் உள்ளங்கையில் கட்டோடு திரிந்தேன். அதை 120, பிறகு 220, பிறகு 400 என்று உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கி, ஆளி விதை எண்ணெய் தடவி, இன்றைக்கும் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

கடைசியாக, .44 ஸ்பெஷல் என்கிற வீரியம் குறைந்த தோட்டாவும் உங்கள் துப்பாக்கியில் போகும். 246 கிரெயின், வினாடிக்கு 755 அடி. துப்பாக்கி திரும்பி வரும் வேகம் பாதி, ஆற்றல் கால்வாசி. ஒரு பெட்டி அதைச் சுடுங்கள். பாய்சி பக்கத்து மலையில் இருப்பது கருங்கரடி, அதற்கு மிளகு ஸ்ப்ரே டப்பா ஒன்றும் இடுப்பில் இருக்கட்டும்.

ஸ்போக்கேன் செவிலி:

பெரியவர் சொன்னதில் முக்கால்வாசிக்கு நானும் கை தூக்குகிறேன். ரப்பர் விஷயத்தில் மட்டும் சண்டை. நான் டபுள் ஆக்‌ஷன் .44 சுடுகிறேன், கை உங்கள் கையை விடச் சின்னது.

சின்னக் கைக்கு ரப்பரில் இருக்கிற பிரச்சினை தோல் இழுபடுவது இல்லை ஐயா, பருமன். முதுகையும் மூடும் ரப்பர் போட்டதும் ட்ரிகர் எனக்கு எட்டவில்லை. எட்டுவதற்காக நம்மை அறியாமலே துப்பாக்கியைக் கைக்குள் கொஞ்சம் திருப்பிப் பிடிப்போம். குழலும் முன்னங்கை எலும்பும் ஒரே கோட்டில் இருந்தால் உதை முழங்கை, தோள் என்று ஓடிப் பரவும். திருப்பிப் பிடித்தால் அது கட்டைவிரலின் அடி மூட்டிலேயே இறங்கும். மெத்தென்றுதான் இருக்கும், சுடும்போது வலிக்காது. மறுநாள் பாட்டில் மூடியைத் திறக்கும்போது தெரியும். நான் ஒரு கோடைக்காலம் முழுக்க அப்படிச் சுட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் மருந்துப் புட்டியைத் திறக்கப் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இப்போது இருப்பதும் ரப்பர்தான், ஆனால் முதுகு திறந்தது. பக்கவாட்டில் மட்டும் மூடும், ட்ரிகர் கார்டுக்குப் பின்னால் உள்ள இடைவெளியையும் அடைத்துவிடும். முதுகு இரும்பு கையில் இடிக்காமலிருக்க மெத்தை வைத்த கையுறை போட்டுக்கொள்கிறேன். ஆக, ரப்பர் என்று மொத்தமாகத் திட்டாதீர்கள், எந்த ரப்பர் என்று கேளுங்கள்.

சிங்கிள் ஆக்‌ஷனில் ட்ரிகர் எட்டுவது பிரச்சினை இல்லை, ஆனால் பருமனான பிடி போட்டால் ஹேமருக்குக் கட்டைவிரல் எட்டாது. வாங்குவதற்கு முன் அதைப் பாருங்கள்.

வேலை புத்தியில் ஒன்று சொல்கிறேன். கிழிந்த தோல் ஆறிவிடும். விரல் மரத்துப்போவது, இரவில் கை சுருக் சுருக்கென்று குத்துவது, இவை வந்தால் அன்றைக்கோடு நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். பிடியை மாற்றிப் பார்க்கிற விஷயம் இல்லை அது. மோதிரம் போட்டுக்கொண்டு சுடுகிறீர்களா? கழற்றுங்கள்.

ஹூஸ்டன் காளை:

சரி சரி, ஒரே வரியில் சொன்னது தப்புதான். ஒரு சந்தேகம், விரலுக்கு விரல் பள்ளம் வைத்த பிடி எப்படி? கடையில் பிடித்துப் பார்த்தால் சூப்பராக இருக்கிறது. இன்னொன்று, என் மச்சான் எடையில்லாத .44 வாங்கப் போகிறான், 25 அவுன்ஸாம். தூக்கிக்கொண்டு நடக்க சுகம் என்கிறான்.

பொக்கடெல்லோ பெரியவர்:

பள்ளம் யாருடைய விரலுக்கு வெட்டியதோ அவருக்கு நல்லது. மற்றவர்களுக்குப் பள்ளத்துக்குப் பள்ளம் நடுவில் இருக்கிற மேடு விரலுக்கு அடியில் வரும், அப்புறம் உதைக்கும்போது அந்த மேடுதான் உதைக்கும். செவிலி அம்மா மாதிரி சின்னக் கைக்கு நிச்சயம் வேண்டாம்.

25 அவுன்ஸ் என்றால் ஒன்றரை பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். அதே மேக்னத் தோட்டாவுக்கு அது வினாடிக்கு 38 அடி வேகத்தில் திரும்பி வரும், ஆற்றல் தம்பியின் துப்பாக்கியை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு. நடக்கும்போது சுகம்தான், நடந்துகொண்டே இருக்கச் சொல்லுங்கள்.

செவிலி அம்மா, ரப்பர் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். கையைத் திருப்பிப் பிடிக்கிற விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. என் கை பெரியது, அதனால் இருக்கும்.

பாய்சிவாசி:

மூன்று வாரம் ஆயிற்று, மன்னிக்கவும். கை ஆறும்வரை தொடவில்லை.

பெரியவரே, நகம் தட்டியது! இடது பக்கம், ஹேமருக்குக் கீழே ஒரு அங்குல நீளத்துக்கு. ஒரு டைம் (பத்து சென்ட்) நாணயத்தின் பாதிக் கனம் கூட இருக்காது, ஆனால் விளிம்பு கூர். கிழிந்த இடமும் சரியாக அதுவேதான், கையை வைத்துப் பார்த்தால் தழும்பும் விளிம்பும் பொருந்துகிறது. இடது பக்கத் திருகின் தலையிலும் பிசிறு இருந்தது. கோலப்பொடியும் போட்டுப் பார்த்தேன். வலது உள்ளங்கையில் ஒரு கோடு, கட்டைவிரல் அடியில் ஒரு பொட்டு, நடுவில் ஒன்றுமே இல்லை.

இரும்பைத் தொட பயம். அதனால் நம் ஊர் வைத்தியம்: பழைய சைக்கிள் டியூபில் மூன்று அங்குலம் வெட்டி, கையுறை மாட்டுவது போலப் பிடி மேல் ஏற்றிவிட்டேன். உள்ளே சோப்புத் தண்ணீர் தடவியும் ஏற அரை மணி நேரம் ஆயிற்று. விளிம்பும் திருகும் மூடிவிட்டன, பருமனும் சின்னக் கைக்குத் தொந்தரவு இல்லாமல் கொஞ்சம் கூடியிருக்கிறது, ஹேமர் எட்டுகிறது.

போன ஞாயிறு .44 ஸ்பெஷல் முப்பது, மேக்னம் பன்னிரண்டு. மோதிரம் வீட்டில். ஒவ்வொரு தோட்டாவுக்கும் பிடியை மாற்றிப் பிடித்தேன், சுண்டுவிரல் அடியில். சதையில் ஒரு கீறல் இல்லை. உள்ளங்கை சிவந்திருந்தது, நீங்கள் சொன்ன மாதிரி ரப்பர் தோலை இழுக்கத்தான் செய்கிறது. கணுவில் மேக்னத்தின் பத்தாவது தோட்டா வரை எதுவும் இல்லை, பத்தாவதில் லேசாக ஒரு தட்டு. பிடியை மறந்திருப்பேன். வீட்டுக்காரம்மாவும் ஸ்பெஷல் ஆறு சுட்டார்கள், ஆறில் நான்கு குறித்தட்டில் பட்டது, என்னுடையதை எண்ண வேண்டாம்.

டியூபை இப்படியே விடலாமா, இல்லை புது மரப்பிடி வாங்கி நானே தேய்த்துப் பொருத்தலாமா?

பொக்கடெல்லோ பெரியவர்:

டியூப் இருக்கட்டும், ஆனால் வேர்வை உள்ளே இறங்கித் துருப்பிடிக்கும், மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்து எண்ணெய் போடுங்கள். மரம் வாங்குவதானால் ஒரு சுற்றுப் பெரிதாக, தேய்க்காத பிடியாகக் கேளுங்கள். வந்ததும் பொருத்தாதீர்கள், இரண்டு மாதம் பாய்சிக் காற்றில் அப்படியே அலமாரியில் கிடக்கட்டும், சுருங்குவதெல்லாம் சுருங்கட்டும். அப்புறம் இரும்பின் மேல் டேப் ஒட்டிவிட்டு 220-ஆம் நம்பர் தாளில் ஆரம்பியுங்கள். நகம் தட்டாத வரைக்கும் தேயுங்கள், அதற்கு மேல் ஒரு இழுப்பு கூட வேண்டாம்.

வீட்டுக்காரம்மாவுக்குத் தனியாக ஒன்று வாங்க வேண்டி வரும் போலிருக்கிறதே.